டாக்டர் அங்கிளும் என் இடது காதும்

எனக்கு இடது காது கேட்காது. பிறவிக் குறை அல்ல. டெக்சாஸில் ஒரு குளிர்காலத்தில், ஊரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த நேரத்தில் போனது. ஏன் போனது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. ஏன் திரும்பி வரவில்லை என்றும் அவர்களால் அடித்துச் சொல்ல முடியாதாம். அவர்கள் படித்தவர்கள், யோசித்துத்தான் பேசுவார்கள். எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

நாங்கள் இருந்த பிளானோவில் குளிர்காலம் என்றால் முழங்கால் அளவு பனி கொட்டும் என்று ஊரில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. காலையில் ஸ்வெட்டர் போட வேண்டும், மத்தியானம் அதைக் கழற்றி எறிய வேண்டும், மறுநாள் எழுந்து பார்த்தால் சாலை முழுக்க ஐஸ் படிந்து கார்கள் வழுக்கிக்கொண்டிருக்கும். இந்தக் கூத்தில் யாருக்குத்தான் உடம்பு நிற்கும்? எங்கள் அபார்ட்மெண்டில் பாதிக்கு மேல் நம் ஆட்கள். ஒரு வீட்டில் தும்மினால் பக்கத்து வீட்டில் ரசத்துக்கு மிளகு இடிப்பார்கள். அந்த ரசத்துக்கும் அடங்காவிட்டால் டாக்டர் அங்கிளுக்குப் போன் போடுவார்கள்.

டாக்டர் வேறு, டாக்டர் அங்கிள் வேறு. டாக்டர் என்பவர் இன்ஷூரன்ஸ் கார்டில் பெயர் அச்சாகியிருப்பவர். அந்தக் காலத்தில் எங்கள் இன்ஷூரன்ஸில், எந்த ஸ்பெஷலிஸ்டைப் பார்க்கப் போனாலும் முதலில் இவரைப் பார்த்து இவரிடம் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். கம்பெனி அனுப்பிய தடிப் புத்தகத்தைப் புரட்டி, பெயரைப் பார்த்தால் நம் ஊர் ஆள் மாதிரி இருக்கிறதே என்று என் கணவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தார். அதோடு சரி. அவர் ஆணா பெண்ணா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

டாக்டர் அங்கிள் அப்படியா? பக்கத்து ஊரான ஆலனில் பெரிய வீடு. எழுபதுகளிலேயே வந்தவர். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பது அவர் வேலை. ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கிலிருந்து மாமியாரின் மூட்டுவலி வரை எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பார். அவர் ஒரு நாளும் யாரிடமும் முகம் சுளித்தது இல்லை, போனை எடுக்காமல் இருந்ததும் இல்லை. தங்கமான மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். தொல்லையே அதில்தான் இருந்தது. கெட்ட மனிதராக இருந்தால் இரண்டாவதாக இன்னொரு டாக்டரைப் போய்ப் பார்க்க யாருக்கும் கூச்சமாக இருந்திருக்காது.

அவரிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. வீட்டுக்காரர்தான் பேசுவார். எடுத்த எடுப்பில் நோயைப் பற்றிப் பேசுவது மரியாதை இல்லை. கிரிக்கெட், கிரீன் கார்டு, கோயிலுக்கு யார் எவ்வளவு எழுதினார்கள் என்று ஒரு சுற்று வந்த பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு, “அப்புறம் அங்கிள், வீட்ல கொஞ்சம் உடம்பு சரியில்ல” என்று ஆரம்பிப்பார்கள். அந்த ‘வீட்ல’ என்பது மனைவி. மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாள். அவளுடைய வயிற்றுவலி, முதுகுவலி, மாதாமாதம் வருவது, வராமல் போவது எல்லாம் கணவன் வாய் வழியாகத்தான் ஆலனுக்குப் போகும். போகிற வழியில் பாதி உதிர்ந்துவிடும். அங்கிருந்து வரும் பதிலும் அதே வழியில்தான் திரும்பி வரும்.

நான் ஊரில் கல்லூரியில் பாடம் நடத்தியவள். அறுபது பெண்கள் பேசிக்கொண்டிருக்கும் வகுப்பில், எந்த மூலையில் யார் கிசுகிசுக்கிறாள் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொல்லிவிடுவேன். இங்கே வந்த பிறகு, வேலை செய்ய அனுமதி இல்லாத விசா, வீட்டுக்கு ஒரே கார், அதுவும் என் கணவர் ஆபீசுக்கு. எனக்கு இருந்தது பழகுநர் லைசென்ஸ் மட்டும். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால்தான் ஓட்டலாம். எனக்காக டாக்டர் அங்கிளிடம் நானே பேசுகிறேன் என்று ஒருமுறை கேட்டதற்கு, “உனக்கு எதுக்கு சிரமம்” என்றார் என் கணவர். அன்பாகத்தான் சொன்னார்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்திலுள்ள கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பயந்த குளிர்காலம் அது. லெகசி என்ற ஆபீஸ் வட்டாரத்தில் இருந்த ஒரு கம்பெனியில் அந்தப் பயத்துக்குத்தான் என் கணவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். புத்தாண்டு பிறந்தது. கம்ப்யூட்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் ஆயிற்று.

எனக்கு நான்கைந்து நாளாகச் சளி, இருமல். அபார்ட்மெண்டில் எல்லாருக்கும் இருந்ததுதான். ஒரு காலை அவர் என்னை உலுக்கி எழுப்பினார். அலாரம் இவ்வளவு நேரமாக அடிக்கிறது, காதில் விழவில்லையா என்று எரிச்சலாகக் கேட்டார். நான் வலது பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அவர் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் எங்கோ தலையணைக்கு அடியிலிருந்து வந்தது. எழுந்து உட்கார்ந்ததும் எல்லாம் கேட்டது, ஆனால் ஒரு பக்கமாக. இடது பக்கம் வெறும் ‘ங்ங்’ என்று ஒரு இரைச்சல். தலை லேசாகச் சுற்றியது.

சளிதான் காதை அடைத்திருக்கிறது என்று முதலில் நானும் நினைத்தேன். ஆனால் பல் தேய்க்கும்போது, சமைக்கும்போது, நான் என்னை அறியாமல் ஏதாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பேன். அந்த முணுமுணுப்பு வலது பக்கம் மட்டும் கேட்டது. சின்ன வயதில் சளி பிடித்துக் காது அடைத்தால், அடைத்த பக்கம்தான் நம் குரல் கும் கும் என்று பெரிதாகக் கேட்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதானே? இது அப்படி இல்லை. இந்தப் பக்கம் நானே இல்லை என்பது போல இருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவர் ஆலனுக்குப் போன் செய்தார். கிரிக்கெட் முடிந்தது, கிரீன் கார்டு முடிந்தது.

“அப்புறம் அங்கிள், வீட்ல கொஞ்சம் கோல்டு. காது அடைச்ச மாதிரி இருக்காம்.”

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “அடைக்கலைங்க. கேக்கவே இல்லைன்னு சொல்லுங்க. ஹம் பண்ணா இந்தப் பக்கம் வரலைன்னு சொல்லுங்க.”

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, “எல்லாம் ஒண்ணுதான், இரு. இதையெல்லாமா அங்கிள்கிட்ட சொல்லுவாங்க” என்றார்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் சளி மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஆவி, காதில் குளிர்காற்று படாமல் ஸ்கார்ஃப். இதுதான் வைத்தியம். இரண்டு வாரத்தில் தானாகத் திறந்துகொள்ளும் என்று உத்தரவாதம் வேறு. நான் போர்வைக்குள் குனிந்து ஆவி பிடித்தேன். பாத்திரத்துத் தண்ணீர் கொதிக்கும் சத்தம் வலது காதில் மட்டும் கேட்டது.

கார்டில் பெயர் போட்டிருக்கும் டாக்டரிடம் போகலாம் என்று நான் அரித்தெடுத்ததில், அவர் ஆபீசிலிருந்து அந்தக் கிளினிக்குக்குப் பேசினார். என்ன பிரச்சினை என்று அங்கே கேட்டிருக்கிறார்கள். சளி, காது அடைப்பு என்று சொல்லியிருக்கிறார். ஃப்ளூ காலம், கிளினிக் நிரம்பி வழிகிறது, சளிக்காரர்களுக்கெல்லாம் மாதக் கடைசியில்தான் இடம் என்று ஒரு நாள் கொடுத்தார்கள். அவர்கள் மேல் நான் குற்றம் சொல்ல மாட்டேன். சளி என்று சொன்னவருக்குச் சளிக்கான வரிசை கிடைத்தது. எமர்ஜென்சிக்குப் போகலாமா என்று கேட்டேன். கை கால் உடைந்தால், நெஞ்சு வலித்தால் போகிற இடம் அது, மூக்கு ஒழுகுகிறவளைப் பார்த்தால் சிரிப்பார்கள் என்றார். இப்படி ஒவ்வொரு வாசலாக அவரே போய்ப் பார்த்து அவரே மூடிவிட்டு வந்தார்.

அந்த வாரக் கடைசியில் ஆலனில் பொங்கல் பார்ட்டி. ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்து கொண்டுபோக வேண்டும், எங்களுக்கு வடை. நேரிலேயே காட்டிவிடலாம், இதைவிட என்ன வேண்டும் என்று என் கணவருக்கு உற்சாகம். அங்கே போனால் வழக்கம்போல கிச்சன் மேடை பக்கத்தில் ஒரு குட்டி ஆஸ்பத்திரி நடந்துகொண்டிருந்தது. ஒருவர் முட்டியை மடக்கிக் காட்டினார், இன்னொருவர் கொழுப்பு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் அங்கிள் டிராயரைத் திறந்து, கரண்ட் போனால் எடுக்கும் டார்ச்சை எடுத்தார். காது மடலைப் பிடித்து இழுத்து உள்ளே அடித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் இல்லம்மா. க்ளீனா இருக்கு. கோல்டுல உள்ள ஃப்ளூயிட் சேர்ந்திருக்கும், தானா வடிஞ்சிடும். டோன்ட் வொர்ரி.”

சுற்றி நின்றவர்களுக்கு என் காது அன்றைய பொழுதுபோக்கு. ஒரு காதில் வாங்கி மறு காதில் விட இனிமேல் வழியில்லையே, பாவம், புருஷன் சொல்வதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும் என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார். அங்கிளிடம் அந்த முணுமுணுப்பு விஷயத்தைச் சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அடுத்தவர் பின்னால் வந்து நின்று முதுகைத் திருப்பிக் காட்டத் தொடங்கியிருந்தார். கூட்டத்தில் யார் எந்தப் பக்கத்திலிருந்து பேசுகிறார்கள் என்பதே எனக்குப் பிடிபடவில்லை.

காரில் வரும்போதே அவர் சொல்லிவிட்டார், திங்கட்கிழமை அந்தக் கிளினிக் அப்பாயின்ட்மென்ட்டை கேன்சல் செய்துவிடலாம் என்று. அங்கிளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டார், அதற்குப் பிறகும் இன்னொருவரிடம் போய்க் காட்டினால் அவர் காதுக்கு எட்டாதா, என்ன நினைப்பார்? சொன்னது போலவே திங்கட்கிழமை கேன்சல் செய்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். எனக்கு வாய்த்த பூசாரி ஒரே வீட்டில் இருந்தார்.

அதற்கு அடுத்த நாளோ, அதற்கும் அடுத்த நாளோ, வெளியே ஐஸ் மழை. அவர் எப்படியோ ஊர்ந்து ஊர்ந்து ஆபீசுக்குப் போய்விட்டார். நான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்க நினைத்தேன். வலது கை முழுக்க மாவு, அதனால் இடது கையால் போனை எடுத்து இடது காதில் வைத்தேன். எப்போதும் வலது காதில் வைப்பதுதான் என் பழக்கம். போனில் சத்தமே இல்லை. ஐஸ் பாரத்தில் எங்கோ ஒயர் அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டேன்.

பிறகு என்னவோ தோன்றியது. மறுபடியும் எடுத்து, தலையைச் சாய்த்து, வலது காதில் வைத்தேன். டயல் டோன் ஜோராக இரைந்தது. இடது காதில் வைத்தேன், இல்லை. வலது காதில், இரைச்சல். இடது காதில், ஒன்றுமில்லை. போனெல்லாம் மாவு. அடைத்த காதில்கூட, அழுத்தி வைத்தால் ஒரு பொட்டுச் சத்தமாவது வராதா? அங்கேயே சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்து நிமிர்ந்தபோது ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த இன்ஷூரன்ஸ் கார்டு கண்ணில் பட்டது. அதன் பின்பக்கம் ஒரு நம்பர் இருந்தது. எந்த நேரமும் ஒரு நர்ஸிடம் பேசலாம் என்று போட்டிருந்தது. நாங்கள் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் ஒட்டியிருந்தது. அந்த அபார்ட்மெண்டில் ஒவ்வொரு வீட்டிலும் அதேபோல் ஒன்று ஒட்டியிருந்தது. ஒருவர்கூட அதைக் கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. முகம் தெரியாதவளிடம் என்னத்தைச் சொல்வது, அங்கிள் இருக்கும்போது அது எதற்கு என்பதுதான் எல்லாருடைய எண்ணமும்.

ஃப்ளூ காலம், நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள், காத்திருங்கள் என்று ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. காத்திருந்தேன். கடைசியில் ஒரு பெண் வந்தாள். அவள் ஒன்றும் பெரிய மேதை இல்லை. எதிரே திரையில் இருந்த கேள்விகளை வரிசையாகப் படித்தாள், அவ்வளவுதான். எப்போதிலிருந்து? மெதுவாகவா, திடீரென்றா? வலி உண்டா? சீழ் உண்டா? தலை சுற்றியதா? அடைத்த மாதிரி இருக்கிறதா, அல்லது கேட்கவே இல்லையா? அத்தனை நாளில் என் காதைப் பற்றி என்னிடமே ஒருவர் கேட்ட முதல் கேள்விகள் அவைதான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் குரல் மாறியது. எமர்ஜென்சிக்கு ஓடினால் இந்தக் கூட்டத்தில் நாள் முழுக்க உட்கார வைப்பார்கள், காதைச் சோதிக்கும் கருவியும் அங்கே இருக்காது, ஆனால் வாரக்கணக்கில் காத்திருக்கவும் கூடாது என்றாள். உடனே கிளினிக்கைக் கூப்பிட்டு, சளி என்று ஒரு வார்த்தையும் சொல்லாமல், திடீரென்று ஒரு காது கேட்காமல் போய்விட்டது என்று மட்டும் சொல், காது மூக்கு தொண்டை டாக்டருக்குச் சீட்டு வேண்டும் என்று கேள் என்றாள். நான் அப்படியே சொன்னேன். மாதக் கடைசியில் இடம் கொடுத்த அதே கிளினிக் மறுநாள் காலையிலேயே வரச் சொன்னது.

மறுநாள் ஐஸ் உருகியிருந்தது. அவர் லீவு போட்டுவிட்டு என்னை அழைத்துப் போனார். கோபமாக இருந்தார் என்று சொல்ல முடியாது, மனத்தாங்கல். சுங்கம் கட்டிப் போகும் டால்வே சாலையில் போகும்போது, “அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாவது போயிருக்கலாம்” என்றார். அவர் வண்டி ஓட்டினால் எனக்கு இடது பக்கம்தான் இருப்பார். அந்த வாக்கியத்தைக் கேட்க நான் முழுதாகத் திரும்ப வேண்டியிருந்தது.

கிளினிக்கில் உட்கார இடமில்லை. இருமும் குழந்தைகள், முகமூடி போட்ட கிழவர்கள். கார்டில் பெயர் போட்டிருந்த டாக்டர் ஒரு பெண். எங்கள் ஊர்க்காரியும் இல்லை. காதைப் பார்த்தாள், உடனே போன் செய்து காது டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். அங்கே என்னை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கு என்றார்கள். வலது காதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிறகு இடது காது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று காத்திருந்தேன். கண்ணாடிக்கு வெளியே அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான், அவள் ஆரம்பித்து வெகுநேரம் ஆகிறது என்று புரிந்தது.

காது டாக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். வாயை மூடிக்கொண்டு ‘ம்ம்’ என்று சொல்லச் சொன்னார். எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டார். வலது பக்கம் என்றேன். அடைப்பாக இருந்தால் அடைத்த பக்கம்தான் பெரிதாகக் கேட்கும், இது நரம்பு என்றார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித் திடீரென்று போகும் காதுக்கு ஸ்டீராய்டு மாத்திரை உண்டாம். காது போன சில நாட்களுக்குள் ஆரம்பித்தால் சிலருக்குத் திரும்பி வருமாம், எல்லாருக்கும் அல்ல. தள்ளத் தள்ள வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும். உனக்குத் தாமதமாகிவிட்டது, ஆனாலும் கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். கொடுத்தார். முகம் வீங்கியது, தூக்கம் போனது, கண்ட நேரத்தில் பசித்தது. காது வரவில்லை. முதல் நாளே வந்திருந்தால் கிடைத்திருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். உண்மையைச் சொன்னார். அந்த ‘சொல்ல முடியாது’ என்பதைத்தான் நான் இன்றுவரை மென்றுகொண்டிருக்கிறேன். கிடைத்திருக்காது என்றால் விதி என்று ஆறியிருப்பேன். கிடைத்திருக்கும் என்றால் மனம்விட்டுச் சண்டை போட்டிருப்பேன். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து டாக்டர் அங்கிள் தானாகவே போன் செய்து விசாரித்தார். தங்கமான மனிதர் என்று சொன்னேனே. என் கணவர் ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“சரியாயிடுச்சு அங்கிள். நீங்க சொன்ன மாதிரி ஆவி பிடிச்சதுல போயிடுச்சு.”

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் போனை வைத்ததும், ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால் பெரியவர் மனசு கஷ்டப்படும் என்றார். நாளைக்கு நமக்கு ஏதாவது என்றால் வேறு யாரிடம் போய் நிற்பது என்றார்.

“எனக்கு ஏதோ ஒண்ணு ஆயிடுச்சுங்க. அது உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?”

“அது வேற” என்றார்.

நம் ஊர்ப் பேச்சில் செவிடு என்பது எப்போதுமே வசவுதான். செவிடன் காதில் ஊதிய சங்கு, டமாரச் செவிடு என்று நானே வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்? இப்போது யாராவது அப்படிச் சொன்னால் சுருக்கென்று தைக்கும். அதனால் நானும் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. பார்ட்டிக்குப் போனால் இடது பக்கம் சுவர் வருவது மாதிரி இடம் பிடிப்பேன். யாராவது பேசிப் பதில் வராமல் போனால், திமிர் பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். டிரைவிங் டெஸ்டில் பாஸ் செய்தேன், ஆனால் ஃப்ரீவேயில் யார் ஹாரன் அடித்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து என்று தெரியாமல் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன். ஆபீசில் கம்ப்யூட்டர்களைக் காப்பாற்றிய கெட்டிக்காரருக்குப் பிரமோஷன் கிடைத்தது.

அடுத்த வருடமும் பொங்கல் வந்தது, ஆலனில் அதே வீடு, அதே வடை. நாங்கள் போய்ச் சேரும்போது கூட்டம் நிரம்பிவிட்டது. சுவர் ஓரம் இடம் கிடைக்கவில்லை. சோபாவில் என் கணவர் எனக்கு இடது பக்கம், வலது பக்கம் புதிதாகக் கல்யாணமாகி வந்த ஒரு பெண். அவளுக்கு அடுத்து அவள் கணவன். எதிரே அங்கிள். அந்தப் பெண் வந்ததிலிருந்து இருமிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறை இருமி முடித்ததும் மூச்சை இழுத்துப் பிடிக்கும்போது நெஞ்சில் விசில் சத்தம் வந்தது. அவள் கணவன் அங்கிளிடம், வீட்ல சாதாரண இருமல்தான், குளிர் பழகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். எனக்கு அந்த வாய் தெரிந்த வாய்.

அங்கிள் தைரியம் சொன்னார். குளிர்காலத்தில் எல்லாருக்கும் வருவதுதான், இந்த ஊர் டாக்டர்களிடம் போனால் ஆயிரம் டெஸ்ட் எழுதுவார்கள் என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

“இவங்களக் கேளு. போன வருஷம் காதே அடைச்சுப்போச்சு. ஓடினாங்களா? ஆவி பிடிச்சாங்க, போயிடுச்சு. என்னம்மா?”

இடது பக்கத்திலிருந்து என் கணவரின் கை என் முழங்கை மேல் வந்து அழுந்தியது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

“இல்ல அங்கிள். எனக்கு அந்தக் காது கேக்காது. அப்பப் போனது, திரும்பி வரவே இல்ல.”

நான் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிளின் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. அவர் வாயைத் திறந்தபோது, எப்படி ஆயிற்று, எந்த டாக்டர் பார்த்தார், என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் என்னைத் தாண்டி என் கணவரைப் பார்த்தார்.

“ஏன்ப்பா, சரியாயிடுச்சுன்னு சொன்னியே?”

என் கணவர் ஏதோ பதில் சொன்னார். எனக்கு இடது பக்கம், தாழ்ந்த குரல். அதற்குள் கிச்சனில் மிக்ஸி வேறு ஓட ஆரம்பித்திருந்தது. நான் திரும்புவதற்குள் அவர் சொல்லி முடித்துவிட்டார். அங்கிள் தலையை ஆட்டினார், முகம் கொஞ்சம் தெளிந்தது, யாரோ பாயசம் கொண்டுவந்தார்கள், பேச்சு வேறெங்கோ போய்விட்டது.

வலது பக்கம் இருந்த பெண்ணிடம், அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

“லேசாதான் அங்கிள், அவளுக்குப் பழகிடுச்சுன்னு சொன்னாரு அக்கா.”

நான் பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். கைப்பையிலிருந்து என் இன்ஷூரன்ஸ் கார்டை எடுத்துத் திருப்பி அவளிடம் காட்டினேன். உன்னுடையதிலும் இப்படி ஒரு நம்பர் இருக்கும், நாளைக் காலையில் நீயே கூப்பிடு, மூச்சு விட்டால் நெஞ்சில் சத்தம் வருகிறது என்று நீயே சொல், அவன் பேசுகிறேன் என்று கை நீட்டினால் போனைக் கொடுக்காதே என்றேன். அவள் கார்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தலையாட்டினாள். சொல்லுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குள் அவளுக்கு அந்தப் பக்கத்தில் அவள் கணவன் தொண்டையைச் செருமினான். “அப்புறம் அங்கிள், வீட்ல...” என்று மறுபடியும் ஆரம்பித்தான். அது எனக்கு வலது பக்கம், நன்றாகவே கேட்டது.